இரண்டு நாள் மலம் போகாவிட்டால் மூளை குழம்புமா?

ஈரல் வருத்தம் முற்றிய ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்கு இன்றைக்கு மலம் போனதா என்பது வீட்டில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரஷர் எவ்வளவு, சீனி எவ்வளவு என்று கொப்பியில் குறித்து வைக்கிற நம் வீடுகளில் இந்த ஒன்றை மட்டும் கேட்பதில்லை. வயதான ஆம்பிளையிடம் மகளோ மருமகளோ இதை எப்படிக் கேட்பது என்று கூச்சம். மனைவிகூடக் கேட்பதில்லை. ஆனால் என் பெரியப்பாவின் புத்தியைத் திரும்பக் கொண்டுவந்தது அந்தக் கேள்விதான். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியில் இருக்கிறார்கள். பெரியப்பா சாராயம் தொட்டவரில்லை. நீண்டகாலமாகச் சீனி வருத்தம் மட்டும் உண்டு. ஈரல் தழும்பேறி இறுகிவிட்டது, சிரோசிஸ் என்று கண்டுபிடித்தபோது சொந்தக்காரரில் பாதிப்பேர் நம்பவில்லை. "களவாக் குடிச்சிருப்பாரோ?" என்று ஒருவர் பெரியம்மாவின் முகத்துக்கு நேரேயே கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மாறியது தூக்கம். பகல் முழுக்கச் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்து கிடப்பார். நடுச்சாமத்தில் எழும்பி, குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, பஸ் போய்விடும் என்று சப்பாத்தைத் தேடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடம். வயசு போனால் இப்படித்தான், மறதி வருத்தம் தொடங்குகிறது என்று வந்து போனவர்கள் சொன்னார்கள். அப்புறம் ஒருநாள் காசெடுக்கப் போன இடத்தில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை நான் பார்த்தேன். முதலெழுத்து வழக்கம்போலப் பெரிதாகத் தொடங்கியிருந்தது. நடுவில் கோடு மேலும் கீழும் அலைந்து, கடைசி எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஆயுள் முழுக்கக் கணக்குப் புத்தகம் எழுதிய கை அது.

கிளினிக்கில் வைத்தியர் அவரிடம் பெயரையும் கிழமையையும் கேட்டார். பெயர் சரி. கிழமை வரவில்லை. "ரெண்டு கையையும் நீட்டுங்கோ ஐயா. வாகனத்தை மறிக்கிற மாதிரி உள்ளங்கையை முன்னுக்குக் காட்டுங்கோ" என்றார். பெரியப்பா நீட்டினார். கொஞ்ச நேரம் கை அப்படியே நின்றது. பிறகு மணிக்கட்டிலிருந்து இரண்டு கையும் சட்டென்று முன்னால் விழுந்து, திரும்ப எழும்பி, மறுபடியும் விழுந்தன. வைத்தியர் பெரியம்மாவின் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாளா மலம் போகேல்லை?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். "தெரியாது டொக்டர். நான் அதொண்டும் கேக்கிறேல்லை."

பெரியப்பாவிடமே திருப்பித் திருப்பிக் கேட்டதில் நாலைந்து நாளாவது ஆகியிருக்கும் என்று தெரிந்தது.

உள்ளே நடப்பது இதுதான். நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து பெருங்குடலில் இருக்கிற பக்டீரியாக்களும் குடற்சுவரின் கலங்களும் அமோனியாவை உண்டாக்குகின்றன. இது எல்லோருடைய வயிற்றிலும் நடப்பது. ஆனால் குடலைவிட்டுக் கிளம்பும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. ஈரல் வாயினாளம் என்ற பெரிய குழாய் வழியாக முதலில் ஈரலுக்குப் போகிறது. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி இந்த வழியாக வருவதுதான். கொழும்புத் துறைமுகத்தில் இறங்குகிற சாமான் சுங்கத்தைத் தாண்டாமல் ஊருக்குள் வர முடியாது அல்லவா, அது போலத்தான் குடல் உறிஞ்சியவற்றில் பெரும்பகுதிக்கு ஈரல். அங்கே அமோனியா யூரியாவாக மாறுகிறது, பிறகு சிறுநீரில் போய்விடுகிறது.

ஈரல் தழும்பேறினால் இரண்டு விதத்தில் நட்டம். வேலை செய்யும் கலங்கள் குறைகின்றன. உள்ளே போக முடியாத இரத்தமும் பக்கவழிகளைத் தேடிக்கொண்டு ஈரலைச் சுற்றிப் போய்விடுகிறது. அமோனியா அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்கிறது. மூளையில் அஸ்ட்ரோசைட் என்ற துணைக் கலங்கள் அதைக் குளுட்டமினாக மாற்றி அடக்கப் பார்க்கின்றன, அந்த முயற்சியில் அவையே வீங்குகின்றன. தூக்கம் தலைகீழாவது, கையெழுத்து கெடுவது, கை விழுவது எல்லாம் இதிலிருந்துதான். கவனிக்காவிட்டால் நினைவிழப்பு வரை போகும். மலச்சிக்கல் என்றால் பக்டீரியாவுக்கு அதிக நேரம் கிடைக்கிறது, இரத்தத்துக்கு அதிக அமோனியா சேர்கிறது. கிருமித் தொற்று, குடலில் இரத்தக் கசிவு, உடம்பில் நீர் வற்றுவது, தூக்கக் குளிசை ஆகியவையும் இதே குழப்பத்தைக் கிளப்பிவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1877 இல் நிக்கொலாய் எக் என்ற ரஷ்ய மருத்துவர், நாய்களில் வாயினாளத்து இரத்தம் ஈரலுக்குப் போகாமல் இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகிற கீழ்ப் பெருநாளத்தில் நேரே விழும்படி தைத்துவிட்டார். பிறகு 1893 இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பாவ்லோவும் அவருடைய கூட்டாளிகளும் அதே அறுவைச் சிகிச்சை செய்த நாய்களைக் கவனித்தார்கள். மணி ஒலித்ததும் எச்சில் ஊறிய நாய்க் கதையில் வருகிற அதே பாவ்லோவ்தான். இறைச்சி போட்டபோது அந்த நாய்கள் மூர்க்கமாகின, நடை தடுமாறின, வலிப்பு வந்து விழுந்தன. 1954 இல் லண்டனில் ஷீலா ஷெர்லொக்கும் உடன் வேலை செய்தவர்களும் மனிதர்களில் இந்த மூளைக் குழப்பத்தை விரிவாக விவரித்தார்கள். ஈரல் மருத்துவத்தைத் தனித் துறையாக நிமிர்த்தியவர்களில் அந்த அம்மையார் முக்கியமானவர்.

பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுத்த மருந்து லக்டுலோஸ். அது ஒரு வகைச் சர்க்கரை. நம் சிறுகுடலால் அதை உடைத்து உறிஞ்ச முடியாது. ஆகவே அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே பக்டீரியாக்கள் அதைத் தின்று அமிலமாக்குகின்றன. அமிலம் கூடிய இடத்தில் அமோனியா அமோனியமாக மாறிக் குடலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், இரத்தத்தில் எளிதாக ஏறாது. கூடவே மலமும் இளகி வெளியேறிவிடும். 1960களிலிருந்து இந்த வேலைக்கு இதே மருந்துதான். குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு ரிஃபாக்சிமின் என்ற அன்டிபயோட்டிக்கையும் சேர்ப்பார்கள். அதுவும் அநேகமாக இரத்தத்தில் சேராமல் குடலிலேயே நின்று வேலை செய்வது. மூளை குழம்பிய மனிதருக்குக் கொடுக்கிற மருந்து குடலில் நின்று வேலை செய்கிறது, மூளை தெளிகிறது! குடல், ஈரல், மூளை மூன்றுக்கும் உள்ள தொடர்புக்கு இதைவிட நேரான சாட்சியை நான் அறியேன்.

மருந்து தொடங்கிய பிறகு வீட்டில் வந்த சிக்கல்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலபேர் இங்கேதான் தவறுகிறார்கள். லக்டுலோஸ் பாணிபோலத் தடிப்பானது, நாக்கில் ஒட்டுகிற இனிப்பு. போத்தலின் கழுத்தில் வழிந்தது காய்ந்து மூடி இறுகிவிடும். அளக்கிற சின்னக் கப்பைக் கழுவாமல் வைத்தால் பத்து நிமிடத்தில் எறும்பு. பெரியம்மா போத்தலைத் தண்ணீர் ஊற்றிய கோப்பைக்குள் நிறுத்தி வைப்பார். "சீனி வருத்தக்காரனுக்கு இந்த இனிப்பைக் குடுக்கிறியளே" என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள். அது இரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும் என்பதால் அந்தப் பயத்தில் மருந்தை நிறுத்துவது கூடாது. வைத்தியரிடம் கேட்டால் சொல்வார். இன்னொரு ஆள் "வயித்தாலை போகுதெண்டா நிப்பாட்டுங்கோ" என்றார். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை இளகிப் போக வேண்டும் என்பதுதான் இந்த மருந்தின் இலக்கு. அதற்குக் குறைந்தால் அளவு போதாது. தண்ணீராக ஐந்தாறு தடவை போனால் அளவு கூடிவிட்டது, உடம்பு வற்றி அதனாலேயே மறுபடி குழம்பும். இப்போது குளிரூட்டிக் கதவில் ஒரு கலண்டர் தொங்குகிறது. பெரியப்பாவே பென்சிலால் கோடு போடுகிறார்.

அடுத்தது பத்தியம். ஈரல் என்றவுடனேயே நம் ஆட்கள் முட்டையை நிறுத்துவார்கள், மீனை நிறுத்துவார்கள், பருப்பையும் நிறுத்தி வெறுங்கஞ்சியில் ஆளைப் போட்டுவிடுவார்கள். அமோனியா புரதத்திலிருந்து வருவதால் ஒருகாலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போதைய வழிகாட்டல்கள் அதைக் கைவிட்டுவிட்டன. சிரோசிஸ் உள்ளவர் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் சாப்பிட வேண்டும் என்கின்றன. காரணம் சுவாரசியமானது. தசையும் அமோனியாவை உறிஞ்சி அப்புறப்படுத்துகிறது. புரதத்தை வெட்டினால் தசை கரையும், தசை கரைந்தால் ஈரலுக்கு இருந்த கடைசித் துணையும் போகும். பருப்பு, பயறு, தயிர், பால் இவற்றின் புரதம் இறைச்சியைவிட இலகுவாகத் தாங்கும். இரவு படுக்கப் போகுமுன் சின்னதாக ஏதாவது சாப்பிடுவதும் முக்கியம், நீண்ட பட்டினி கூடாது. பத்தியம் என்ற பெயரில் ஈரல் நோயாளிகளைப் பட்டினி போடுவதைப் பார்த்தால் எனக்குத் தாங்குவதில்லை.

சரி, ஈரல் நன்றாக இருக்கிறவர்களுக்குக் குடல் மூளையை என்ன செய்கிறது? இங்கே நான் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன். குடும்பக் குழுக்களில் வருகிற செய்திகளெல்லாம் குடலைச் சரிசெய்தால் கவலை, மனச்சோர்வு, மறதி எல்லாம் போய்விடும் என்கின்றன. உண்மையான பகுதி இது: குடற்சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புக் கலங்கள் உண்டு. மூளைக்கும் வயிற்றுக்கும் இடையே ஓடுகிற வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. வயிற்றைக் கலக்குது என்று நாம் சொல்கிற உணர்ச்சிகளுக்கு உடம்பில் வழி இருக்கிறது.

ஆனால் மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற இரசாயனத்தில், உடம்பில் உள்ளதில் 90 வீதத்துக்கு மேல் குடலில் உண்டாகிறது என்று சொல்லிவிட்டு, ஆகவே சந்தோஷம் வயிற்றில்தான் உற்பத்தியாகிறது என்று முடிக்கிறார்களே, அங்கே தாவிவிடுகிறார்கள். குடலின் செரோட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரிக்கிறது. உணவால் மனச்சோர்வு குறைவதற்குச் சான்று இருக்கத்தான் செய்கிறது. 2017 இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 67 பேர் கலந்துகொண்டார்கள். 12 கிழமை உணவு ஆலோசனை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மனச்சோர்விலிருந்து மீண்டார். பேச்சுத் துணை மட்டும் கிடைத்தவர்களில் அது 8 வீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருவது. அதில் பலரும் வழக்கமான சிகிச்சையை விடாமல்தான் இருந்தார்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் யாரும் தயிரை நம்பிக் குளிசையை நிறுத்திவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இப்போது அந்தச் சொந்தக்காரரின் கேள்வி. குடிக்காதவருக்கு எப்படி ஈரல் கெடும்?

மிக இலகுவாகக் கெடும். கொழும்புக்கு வடக்கே றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் நடத்திய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையானவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு மதுவோடு சம்பந்தமில்லாத ஃபேட்டி லிவர், அதாவது ஈரலில் கொழுப்புப் படிகிற வருத்தம், இருந்தது. அது 2009 இலேயே வெளியானது. அந்தக் கணக்குப்படி ஒரு குடும்ப விசேஷத்தில் பந்தியில் உட்காருகிற பெரியவர்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குக் கடைசிவரை பெரிதாக ஒன்றும் ஆகாது. சிலருக்கு, குறிப்பாகச் சீனி வருத்தமும் வயிற்றுப் பருமனும் சேர்ந்தவர்களுக்கு, கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு சிரோசிஸ் ஆகிறது. பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான். குடிகாரர் என்ற பெயரும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது.

இதிலும் குடலுக்குப் பங்குண்டு. இனிப்புத் தேநீரிலும் சோடாவிலும் உள்ள சீனியின் பாதி பிரக்டோஸ். அளவு கூடினால் அதில் பெரும்பகுதி அதே வாயினாளம் வழியாக ஈரலுக்குப் போகிறது, அங்கே ஒரு பகுதி கொழுப்பாக மாறுகிறது. குடற்சுவரின் கலங்களுக்கு இடையிலுள்ள இறுக்கம் தளர்ந்தால் பக்டீரியாவின் ஓட்டுத் துண்டுகள் இரத்தத்தில் கலந்து வருகின்றன. ஈரலில் காவல் நிற்கிற குப்ஃபர் கலங்கள் அவற்றோடு சண்டை போட்டு அழற்சியைக் கிளப்புகின்றன. 2019 இல் சீன ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். ஃபேட்டி லிவர் உள்ள சிலரின் குடலில், மதுசாரத்தைத் தாராளமாக உற்பத்தி செய்யும் கிளெப்சியெல்லா பக்டீரியா குடியிருக்கிறது. அதை எலிகளின் குடலில் விட்டபோது எலிகளுக்கும் ஈரலில் கொழுப்பு வைத்தது. ஒரு துளி குடிக்காத மனிதரின் ஈரலும் உள்ளே ஊறுகிற மதுசாரத்தைச் சமாளித்துக்கொண்டிருக்கலாம்! பெரியம்மாவை அப்படிக் கேட்டவரிடம் இதை நான் சொன்னேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். குடலில் நமக்கு நல்லது செய்யும் பக்டீரியாக்களுக்குத் தீனி நார்தான். நாரைப் புளிக்கவைத்து அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலமே பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு முக்கிய எரிபொருள். உலக சுகாதார நிறுவனம் 2023 இல் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார், 400 கிராம் காய்கறியும் பழமும் என்று சொன்னது. கொழும்பில் வேலைக்குப் போகிற ஒருவரின் நாளைப் பாருங்கள். காலையில் பாண், பத்து மணிக்கு ரோல்ஸும் சீனி போட்ட தேநீரும், மதியம் சோற்றுப் பார்சல். பார்சலைப் பிரித்தால் மலைபோல வெள்ளைச் சோறு, ஒரு மூலையில் கீரை கால் கரண்டி. இரவு கொத்து ரொட்டி. இதில் 25 கிராம் எங்கே வரும்?

வழி தேடித் தூரம் போகத் தேவையில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. குரக்கன் புட்டு, சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, பயறு, கடலை, வாழைப்பூ என்று நம் அம்மாக்கள் சமைத்ததெல்லாம் நார்தான். பழஞ்சோற்றைப் பற்றியும் கேட்பீர்கள். சமைத்து ஆறவிட்ட சோற்றில் மாச்சத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறுகிறது, அது உண்மை. அந்த வகை மாச்சத்தை 2023 இல் வெளியான சீன ஆய்வொன்றில் ஃபேட்டி லிவர் உள்ள 200 பேரில் பாதிப் பேருக்கு நான்கு மாதம் கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுடைய ஈரற்கொழுப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் எடுத்தது நாளொன்றுக்கு 40 கிராம், தூளாக. ஒரு கோப்பைப் பழஞ்சோற்றில் அதில் மிகச் சிறு பங்குதான் இருக்கும். பழஞ்சோறு நல்ல சாப்பாடு என்ற அளவில் சாப்பிடலாம், மருந்தென்று நம்பிச் சாப்பிடக் கூடாது. அதோடு, கொழும்பு வெக்கையில் சோற்றை இரவு முழுக்க வெளியில் வைப்பது ஈரல் வருத்தக்காரருக்குச் சரிவராது. குளிரூட்டியில் வையுங்கள்.

தயிர் போன்ற புளித்த உணவுக்கும் சான்று வளர்ந்து வருகிறது. 2021 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்துச் செய்த 10 கிழமை ஆய்வில், புளித்த உணவு நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் பக்டீரியா வகைகள் பெருகின, இரத்தத்தில் அழற்சிக் குறிகள் குறைந்தன. மருந்துக்கடையில் விற்கிற புரோபயோட்டிக் குளிசைகளுக்கு நான் காசு செலவழிக்க மாட்டேன். பெரும்பாலான குடல் வருத்தங்களுக்கு அவற்றைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்று அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர்களின் சங்கமே 2020 இல் எழுதியது. அந்தக் காசுக்கு ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கலாம், கித்துள் பாணியைக் குறைத்துக்கொண்டு. கோப்பி குடிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கோப்பி குடிப்பவர்களிடம் சிரோசிஸ் குறைவாக இருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். வேர்க்கொம்பு போட்டுக் குடியுங்கள், சீனிதான் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட வேலை செய்வது எடை குறைவதுதான். உடல் எடையில் 5 வீதம் குறைந்தாலே ஈரற்கொழுப்பு குறையத் தொடங்கும். 10 வீதம் குறைந்தால் தழும்பே பின்வாங்கலாம்.

ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று எழுதி வந்தால் பலர் அதை மடித்து அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். இரத்தத்தில் ஈரல் நொதிகள் சரியாக இருந்தாலும் தழும்பு இருக்கலாம். வயது, ஏஎஸ்ரி, ஏஎல்ரி என்ற இரண்டு ஈரல் நொதிகள், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து ஃபிப்-4 என்ற கணக்கொன்று போடுவார்கள். 1.3க்குக் கீழே வந்தால் கடுமையான தழும்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு. 65 வயது தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. அதற்கு மேலே வந்தால் ஈரலின் இறுக்கத்தை அளக்கிற ஃபைப்ரோஸ்கான் போன்ற அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த நான்கில் வயதைத் தவிர மற்ற மூன்றும் சாதாரண இரத்தப் பரிசோதனைகள்தான், உங்களிடம் உள்ள பழைய ரிப்போட்டுகளிலேயே இருக்கவும் கூடும். சீனி வருத்தம் உள்ளவர் என்றால் அடுத்த கிளினிக் நாளில் அவற்றை எடுத்துக்கொண்டு போய், இதைக் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கோ டொக்டர் என்று கேளுங்கள்.